ஆவூர்த் தேருக்கு என்ன உடுத்துவது?

சென்ற டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் மாலை, புதுக்கோட்டையில் நமது நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஏதோ சரியாக இல்லை என்பது தெரிந்துவிட்டது. நண்பர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனார், எண்பது வயதைக் கடந்த பெரியவர், ஊஞ்சலில் உட்கார்ந்து தமக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டு அம்மாள் மட்டும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"வாருங்கள், அண்ணா. நீங்களே பார்த்து நியாயம் சொல்லுங்கள். ஓர் ஆண்பிள்ளை கோவிலுக்குக் கட்டிக்கொண்டு போகிற உடுப்பா இது?"

கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நண்பரின் புதல்வன் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் மேற்படிப்புப் படிக்கிறான். அந்தத் தேசத்தின் பாதுகாவலரான அந்திரேயர் திருநாள் நவம்பர் 30-ந் தேதி. அன்று அங்குள்ள சபையார் தங்கள் கோவில் மண்டபத்தில் விருந்தும் நடனமும் நடத்தினார்களாம். நமது பையனும் போயிருக்கிறான். போனவன் அவ்வூரார் உடுப்பிலேயே போயிருக்கிறான். முழங்கால் வரையில் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை. முன்புறம் தொங்கும் தோல் பை. முழங்காலுக்குக் கீழே தடித்த காலுறை. காலுறையின் ஓரத்தில் ஒரு சிறு கத்தியின் பிடி. முகம் நிறையச் சிரிப்பு.

"வாடகைக்கு எடுத்ததாம்!" என்றார் அம்மாள், அதுதான் குற்றத்தின் உச்சம் என்பதுபோல.

நண்பரின் இளைய குமாரத்தி, பள்ளிக்கூடத்தில் படிக்கும் சிறுமி, படத்தையும் ஊஞ்சலையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் அம்மா கோபிக்கிறாய்? தாத்தா கட்டிக்கொண்டிருப்பதும் இதுதானே? தாத்தாவுடையது கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்" என்றாள். பெரியவரின் ஊஞ்சல் சிரிப்பில் குலுங்கியது.

இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமே இல்லை. படத்தோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. பையன் ஈஸ்டர் விடுமுறையில் ஊருக்கு வருகிறான். கூடவே ஸ்காட்லாந்துத் தோழன் ஒருவனும் வருகிறான். இருவரும் ஆவூர்த் தேர்த் திருவிழாவுக்குப் போவதாக உத்தேசம். தன் தேசத்து உடுப்போடு தேர் பார்க்க வரலாமா என்று அந்தத் தோழன் கேட்கிறானாம். அம்மாளின் கலக்கம் முழுவதும் இங்கேதான் இருந்தது. "ஊரார் என்ன சொல்வார்கள்? பங்குச் சாமியார் என்ன நினைப்பார்? பரங்கிக் கூத்து என்று சிரிக்கமாட்டார்களா?" என்று அவர் கேட்டபோது குரல் தழுதழுத்தது. அவர் பிறந்த குடும்பமும் புகுந்த குடும்பமும் ஆவூர் மாதாவுக்குத் தலைமுறை தலைமுறையாக நேர்த்திக்கடன் செலுத்துகிறவை.

வீட்டுக்குத் திரும்பிய பின்னும் அந்த ஒரு சொல் நம் காதைவிட்டு நீங்கவில்லை: "பரங்கி." ஆவூரையும் உடுப்பையும் பரங்கி என்ற சொல்லையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், முந்நூறு நானூறு வருஷத்துச் சரித்திரம் கிளம்பி வருகிறது. அதில் நாம் கண்டவற்றை நேயர்களுக்கும் சொல்லுவோம்.

முதலில் அந்தக் கம்பளிப் பாவாடையின் கதை. அதற்குக் 'கில்ட்' என்று பெயர். இன்று வழங்கும் கில்ட்டுக்குச் சாதாரணமாக எட்டு கெஜம் துணி செல்லுகிறது என்பார்கள். நம் கணக்கில் பதினாறு முழம்! எட்டு முழ வேஷ்டிக்காரர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம். அத்தனை துணியையும் பின்புறத்தில் மடிப்பு மடிப்பாக அடுக்கி, முன்புறத்தில் மட்டும் தட்டையாக விடுகிறார்கள். ஆதியில் இது தைத்த உடுப்பே அன்று. ஸ்காட்லாந்தின் மலைநாட்டார் நீண்ட கம்பளித் துணி ஒன்றை மடித்து, இடுப்பில் கச்சையால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். பகலில் அதுவே உடை, மழையில் அதுவே முக்காடு, இரவில் அதுவே போர்வை. நம் கிராமத்துக் குடியானவருக்குத் துண்டு என்னவோ, அவர்களுக்கு அது அவ்வளவு. பிறகு 18-ம் நூற்றாண்டில் இடுப்புக்கு மேற்பட்ட பாகத்தை நீக்கிவிட்டுச் சிறிய கில்ட் உண்டாயிற்று. அதை உண்டாக்கியவர் ஓர் ஆங்கில இரும்பாலை முதலாளி என்று ஒரு கூற்று உண்டு. ஸ்காட்லாந்துக்காரர் பலர் இதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்க நியாயமும் இருக்கிறது.

ஏனெனில், அந்த உடுப்பை உடுத்தியதற்காக அவர்கள் சிறை செல்ல வேண்டிய காலம் ஒன்று இருந்தது. 1746-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி கல்லோடன் என்ற வெளியில் ஆங்கில அரசாங்கத்தின் சேனை மலைநாட்டுக் கலகக்காரரை முறியடித்தது. வென்றவர்கள் வாளைப் பறித்தார்கள், அதோடு விடவில்லை. இடுப்புத் துணியையும் பறித்தார்கள். 1747 ஆகஸ்டு 1 முதல் மலைநாட்டில் எந்த ஆணும், எந்தச் சிறுவனும் கில்ட் உடுத்தலாகாது, கட்டத் துணியை மேலங்கியாகப் போடலாகாது என்று சட்டம் வந்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் சிறை. இரண்டாம் குற்றத்துக்கு ஏழு வருஷம் கடல் கடந்த தீவாந்தரம். ஒரு ஜாதியாரின் முதுகெலும்பை ஒடிக்க வேண்டுமானால் அவர்கள் அரைத்துணியில் கை வைக்க வேண்டும் என்பது அந்தச் சர்க்காருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. முப்பத்தைந்து வருஷம் கழித்து, 1782-ல்தான் அச்சட்டம் ரத்தாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. சட்டம் பட்டாளத்தைத் தொடவில்லை. வீட்டில் உடுத்தினால் குற்றம். ராஜாவின் பட்டாளத்தில் சேர்ந்து உடுத்தினால் குற்றமில்லை. அந்தத் தடை அமலில் இருந்த நாளிலேயே மலைநாட்டுப் பட்டாளம் ஒன்று 1780-ல் சென்னையில் வந்து இறங்கிற்று. ஹைதர் அலியை எதிர்த்து, அவ்வருஷம் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் அதன் ஒரு பகுதி அகப்பட்டுக்கொண்டது. மறு வருஷம் பரங்கிப்பேட்டைப் போரில் அந்தப் பட்டாளம் நின்றது. தன் நாட்டில் உடுப்பிழந்தவனைக் கொண்டு இன்னொருவன் நாட்டைப் பிடிக்கும் தந்திரத்தை என்னவென்பது!

கோவிலுக்கும் இந்தக் கட்டத் துணிக்கும் உள்ள சம்பந்தமும் விசித்திரமானதுதான். தடைக் காலத்தில் மலைநாட்டார் சிறு துணித் துண்டை மடியில் மறைத்துக் கோவிலுக்குக் கொண்டு போய், குரு ஆசீர்வாதம் கூறும் சமயத்தில் இரகசியமாகத் தொட்டுக்கொள்வார்கள் என்று ஓர் அழகான கதை வழங்குகிறது. கதை அழகானதே, அதற்குச் சரித்திர ஆதாரம் மட்டும் கிடையாது. கட்டத் துணியைக் கோவிலில் ஆசீர்வதிக்கும் சடங்கு பிறந்தது ஸ்காட்லாந்தில்கூட இல்லை. 1941-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், பீட்டர் மார்ஷல் என்னும் ஸ்காட்லாந்துக் குருவால் அது தொடங்கப்பட்டது. குடிக்கு ஒரு கட்டம், கோத்திரத்துக்கு ஒரு நிறம் என்று சொல்லிக்கொள்வதும் பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் ஏற்பாடு. 1822-ல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் வகுத்த திட்டப்படி, அந்தப் பருத்த மன்னரே கில்ட் அணிந்து கொலுவிருந்தார். தடை போட்ட வம்சமே தரித்துக்கொண்டது! அன்றுமுதல் கில்ட் ஒரு மலைநாட்டு உடுப்பாக இல்லாமல் ஒரு தேசத்தின் உடுப்பாகிவிட்டது.

நமது நாட்டுக்கு வருவோம்.

ஆவூர், திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, பழைய குளத்தூர்த் தாலுகாவைச் சேர்ந்த ஊர். 1948-ம் வருஷம் மார்ச்சு 3-ந் தேதி புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணையும் வரையில் அது தொண்டைமான்களின் சீமையில் இருந்தது. 17-ம் நூற்றாண்டின் கடைசியில் பூஷே என்ற பிரெஞ்சுச் சேசு சபைக் குரு அங்கே கோவில் எழுப்பினார். ஜனங்கள் அவரைப் பூஷே என்று அழைக்கவில்லை. 'பெரிய சஞ்சீவிநாதர்' என்றார்கள். பெயர் மட்டுமா மாறியிருந்தது? அவர் போட்டிருந்த உடுப்பும் பிரான்சு தேசத்து உடுப்பல்ல. மதுரை மிஷனைச் சேர்ந்த குருக்கள் எல்லாரையும்போல அவரும் துறவி வேஷத்தில்தான் இருந்தார். பிற்பாடு, தமிழர் ஒருவரும் மறக்கவொண்ணாத வீரமாமுனிவர் அதே ஆவூரில் பணி புரிந்தார்.

இந்த வேஷ மாற்றத்துக்கு மூலபுருஷர் ராபர்ட் டி நொபிலி. இத்தாலி தேசத்து உயர்குடியில் பிறந்தவர். 1606-ல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே பெர்னாந்தஸ் என்னும் போர்ச்சுகீசியக் குரு ஒருவர் மதுரையில் பல வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தார். உழைப்புக்குப் பலன் இல்லை. காரணத்தை நொபிலி விரைவிலேயே கண்டுகொண்டார். ஜனங்கள் வேதத்தை வெறுக்கவில்லை, உடுப்பை வெறுத்தார்கள். இறுகப் பிடித்த கால்சட்டை, தோல் பாதரட்சை, மாட்டிறைச்சி, மது எல்லாம் சேர்ந்ததற்குத்தான் நம்மவர் 'பரங்கி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஞானஸ்நானம் பெறுவதென்றால் பரங்கிக் குலத்தில் சேருவது என்று எண்ணினார்கள். குருமார்களே அப்படித்தான் கேட்டுவந்தார்களாம்.

நொபிலி கால்சட்டையைக் களைந்தார். காவி உடுத்தார், மரப் பாதுகை அணிந்தார், சந்தனம் பூசினார், மாமிசத்தை விட்டார். தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றுத் 'தத்துவ போதகர்' ஆனார். இதைக் கண்ட பெர்னாந்தஸுக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்தவக் குரு ஒருவர் பிற சமயத்தாரின் உடுப்பை உடுப்பதா என்று மேலிடத்துக்கு எழுதினார். கோவாவில் கூடி விவாதித்தார்கள்; நொபிலிக்குப் பாதகமாகவே பலர் பேசினார்கள். விவகாரம் ரோமாபுரி வரையில் சென்றது. 1623-ம் வருஷம் ஜனவரி மாதம் 31-ந் தேதி, பதினைந்தாம் கிரகோரியார் என்னும் போப்பாண்டவர், பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் ஆகியவை பிற சமயச் சடங்கோடு சேராத வகையில் தடையின்றி இருக்கலாம் என்று தீர்ப்பளித்தார். நண்பர் வீட்டு அம்மாள் கேட்ட கேள்வியையே, ஐரோப்பாவின் பெரிய அறிஞர்கள் பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம்.

நொபிலியின் காவி மாசற்றது என்று நாம் சொல்லமாட்டோம். உயர்ந்த குலத்துச் சந்நியாசி வேஷம் தரித்த குரு, தாழ்த்தப்பட்டவர்களின் வீட்டு வாசலில் கால் வைக்க முடியாமற் போயிற்று. அவர்களுக்கென்று 1640-ம் வருஷத்தை ஒட்டிப் 'பண்டாரசாமி' என்ற வேறொரு வகைக் குருக்களை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. இருவர்க்கும் இரண்டு விதமான உடை. ஒரே கடவுளின் ஊழியர்களுக்குள்ளும் ஜாதி, உடையின் வழியாக நுழைந்துவிட்டது. அந்தத் துணியின் சாயம் இன்னும் முழுவதும் வெளுத்துவிட்டதாகச் சொல்ல நமக்குத் தைரியமில்லை. ஆனால் பண்டாரசாமிகளில் பெரிய தியாகிகளும் இருந்தார்கள். லிஸ்பனில் பிறந்த அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ அவர்களில் ஒருவர். 1693-ல் ஓரியூரில் தலை கொடுத்தார். 1947-ல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

வீரமாமுனிவரின் உடையைப் பற்றி ஒரு பிரசித்தமான வருணனை உண்டு. முத்துசாமிப் பிள்ளை என்பவர் 1822-ல் எழுதிய அவருடைய சரித்திரத்தில் அது இருக்கிறது. சிவப்புக் கரையிட்ட நீண்ட அங்கி, ஊதா வர்ணப் போர்வை, தலைப்பாகை, காதில் முத்துக் கடுக்கன், கையில் கோல், புலித்தோல் விரித்த பல்லக்கு, மயிற்பீலி விசிறி, பட்டுக் குடை. எடின்பரோவில் ஓர் ஆங்கில ராஜா மலைநாட்டான் வேஷம் போட்ட அதே வருஷத்தில், சென்னையில் ஒரு தமிழர் ஓர் இத்தாலியரின் தமிழ் வேஷத்தை ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தார்! வருணனை முழுவதையும் நம்பலாகாது என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறுகிறார்கள். இருக்கலாம். முனிவர் காலமாகி எழுபத்தைந்து வருஷம் சென்ற பிறகு எழுதியது அது. ஆயினும், தம் ஊரில் வாழ்ந்த வெள்ளைக்காரத் தமிழ்ப் புலவரைப் பரங்கியாக அல்ல, ஒரு மடாதிபதியாகவே தமிழ் ஜனங்கள் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அதைக் காட்டிலும் வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு சாட்சி நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. மேல்நாட்டார் தங்கள் மொழிகளில் எப்படி அழைத்தாலும், தமிழ்க் கத்தோலிக்கர் தம் குருவைச் 'சாமியார்' என்கிறார்கள்; ஆலயத்தைக் 'கோவில்' என்கிறார்கள்; வழிபாட்டைப் 'பூசை' என்கிறார்கள். மாதாவைத் தேரில் வைத்து இழுக்கிறார்கள். செப்டம்பர் 8-ந் தேதி வேளாங்கண்ணித் திருநாளுக்குக் காவி உடுத்திக் கால்நடையாகச் செல்லும் கூட்டத்தைச் சாலையில் பார்க்காதவர் யார்? நொபிலி அன்று களைந்த கால்சட்டையின் பலன்தான் இவையெல்லாம்.

உடுப்பு என்பது பண்டிதர்களின் விவாதப் பொருள் மாத்திரம் என்று யாரேனும் நினைத்தால், அவர்கள் கன்னியாகுமரிச் சீமைக்குப் போய் விசாரிக்கட்டும். பழைய திருவிதாங்கூரில் சாணார் குலப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை போடக்கூடாது என்பது வழக்கம். கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் அணிந்து கோவிலுக்கு வரத் தொடங்கினார்கள். சந்தையிலும் தெருவிலும் அவர்களுடைய ஆடையைக் கிழித்தார்கள், ஜெபக்கூடங்களைக் கொளுத்தினார்கள். குப்பாயம் போடலாம், ஆனால் உயர்ந்த ஜாதியாரைப்போல் தோள்சேலை போடலாகாது என்று 1829-ல் ஒரு விளம்பரம் பிறந்தது. முப்பது வருஷம் கழித்து, 1858-லும் 1859-லும் மறுபடியும் கலகம். சென்னைக் கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகே, 1859 ஜூலை 26-ந் தேதி எல்லாச் சாணார் பெண்களும் மார்பை மறைக்கலாம் என்று சமஸ்தானம் இறங்கி வந்தது. அப்பொழுதும், "உயர்ந்த ஜாதியாரைப்போல வேண்டாம்" என்ற வாலை அது விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எந்த ரவிக்கை பொருத்தம் என்று இன்று பெட்டியைக் கிளறும் நம் சகோதரிகள், இந்தப் பாட்டிமாரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இனி, ஸ்காட்லாந்துக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடியாக முடிச்சுப் போட்ட ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னை எழும்பூரில் 1821-ல் திறக்கப்பட்ட ஸ்காட்லாந்துச் சபையாரின் கோவில் இருக்கிறது. கிணறுகள் இறக்கி அஸ்திவாரம் போட்ட அந்தப் பெரிய கட்டிடத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். கம்பெனிக் காலத்து ஸ்காட்லாந்துத் துரைமார் கூடி வணங்கிய இடம் அது. நாம் சொல்ல வந்த மனிதர் வேறு விதமானவர்.

பெயர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். அவருடைய குடும்பம் ஸ்காட்லாந்தில் அல்லோவா என்னும் ஊரில் கம்பளி நூல் ஆலைகள் நடத்திய செல்வக் குடும்பம். கில்ட்டுக்கும் காலுறைக்கும் வேண்டிய கம்பளிக்குக் குறைவே இல்லாத வீடு! அந்த வீட்டுப் பிள்ளை வைத்தியம் படித்துவிட்டு இந்தியாவுக்கு வந்தார். எஸ். ஜேசுதாசன் என்னும் தமிழ் டாக்டரோடு சேர்ந்து, 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார். ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பது, பிரம்மசரியம், எளிய உணவு, கதர் ஆடை. இவைதான் ஆசிரம வாழ்க்கை. ஜேசுதாசனைப் 'பெரியண்ணன்' என்றும், பேட்டனைச் 'சின்னண்ணன்' என்றும் ஜனங்கள் அழைத்தார்கள். ஆளும் ஜாதியில் பிறந்தவர், ஆளப்படுகிறவருக்குத் தம்பியாக இருக்கச் சம்மதித்தார். ஆசிரமத்து ஜெபாலயத்தைத் திராவிட முறையில் கோபுரத்தோடு எழுப்பினார்கள்.

அதே 1921-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதிதான் மகாத்மா காந்தி மதுரையில் மேலாடையைத் துறந்து முழத்துண்டுக்கு மாறினார் என்பதை நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பத்து வருஷம் கழித்து, 1931 நவம்பரில், அதே துண்டுடன் லண்டன் மாளிகையில் சக்கரவர்த்தியின் தேநீர் விருந்துக்குச் சென்றார். முழங்கால் தெரியும் உடுப்போடு அரண்மனைக்குச் செல்வது ஸ்காட்லாந்துக்காரருக்குக் குற்றமில்லை என்றால், காந்திக்கு மட்டும் எப்படிக் குற்றமாகும்?

மறுபடியும் சின்னண்ணனிடம் வருவோம். 1932-ம் வருஷத் தொடக்கம். சென்னையில் அந்நியத் துணிக் கடைகளின் முன்பு மறியல் நடந்துகொண்டிருந்தது. கதராடையோடு அங்கே வந்து நின்ற பேட்டனைப் போலீஸார் தடியால் அடித்தார்கள். வர்ண நீரைப் பீய்ச்சி நனைத்தார்கள். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் கேள்விகள் எழுந்தன. அடிபட்டவர் தமிழராக இருந்திருந்தால் அங்கே ஒரு கேள்வியும் எழுந்திராது என்பது வேறு விஷயம். நமக்குத் தோன்றுவது இது: அவர் கோட்டும் தொப்பியுமாக நின்றிருந்தால் அதே போலீஸார் சலாம் வைத்திருப்பார்கள். அன்று தடி விழுந்தது பேட்டனின் முதுகில் அன்று, கதரின் முதுகில். அவருடைய முப்பாட்டன்மார் நாளில் கில்ட்டின்மேல் விழுந்த தடியும் இதே தடிதான். ஆனால் தம் தேசத்து உடுப்புக்காக அடிபடுவது ஒன்று. அயலான் தேசத்து உடுப்பை உடுத்தி, அதற்காக அடிபடுவது மற்றொன்று.

சுயராஜ்யம் வந்தபின் இத்தொல்லை ஒழிந்ததா? 2014-ம் வருஷம் ஜூலை மாதம் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதி ஹரிபரந்தாமன், ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்காகக் கிரிக்கெட் கிளப் ஒன்றுக்குச் சென்றார். வேஷ்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை! வெள்ளைக்காரன் போய் அறுபத்தேழு வருஷமாகியும் அவன் போட்ட விதி வாசலில் காவல் நின்றது. அடுத்த மாதமே சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறிற்று. வேஷ்டி முதலிய இந்திய உடைகளுக்காகப் பொது இடத்தில் ஒருவரைத் தடுத்தால், லைசென்ஸ் ரத்து, ஒரு வருஷம் வரை சிறை, இருபத்தையாயிரம் ரூபாய் வரை அபராதம். ஸ்காட்லாந்தில் 1747-ல் உடுத்தியவனுக்குச் சிறை. தமிழ்நாட்டில் 2014-ல் தடுத்தவனுக்குச் சிறை. இரண்டில் எது நாகரிகம் என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. ஒரு சட்டம் போட்டு வேஷ்டியைக் காப்பாற்ற வேண்டி வந்ததே என்பதில் மட்டும் கொஞ்சம் வெட்கம்.

இவ்வளவையும் சேகரித்துக்கொண்டு, பொங்கல் கழிந்ததும் மறுபடி நண்பர் வீட்டுக்குச் சென்றோம். அம்மாள் பொறுமையாகக் கேட்டார். நொபிலியின் காவியைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார். குப்பாயம் போட்டதற்காக அடிபட்ட பெண்களின் கதையைச் சொன்னபோது, கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எல்லாம் சரி, அண்ணா. அந்தச் சாமியார்கள் நம்மைப்போல ஆக வேண்டும் என்று நம் துணியை உடுத்தினார்கள். இந்தப் பிள்ளை அவன் துணியோடே வருகிறேன் என்கிறானே?" என்றார்.

நாம் திகைத்துப்போனோம். பதினைந்து நாள் புத்தகம் புரட்டிய நமக்கு இந்த வித்தியாசம் இவ்வளவு கூர்மையாகத் தோன்றவில்லை. நண்பர் மேல்முகட்டைப் பார்த்தார்.

"கேட்கிறானே, அம்மா" என்றார் ஊஞ்சலிலிருந்து பெரியவர். "வரலாமா என்று கேட்டுத்தானே எழுதியிருக்கிறான்? என் பாட்டனார் காலத்தில் வந்த துரைமார் எவனாவது நம்மை ஒரு வார்த்தை கேட்டானா?"

அம்மாள் பதில் சொல்லவில்லை. ஆனால் சிறுமியை அழைத்துக் கைபேசியைக் கொண்டுவரச் சொன்னார். பையனுக்குப் பதில் எழுதப்பட்டது. பெரியவர் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள்; நாமும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

"உன் சிநேகிதனை அவன் உடுப்போடேயே வரச் சொல். பங்குச் சாமியாரிடம் உன் அப்பா முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்லிவைப்பார். காலுறையில் இருக்கிற கத்தியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். திருவிழாக் கூட்டம், போலீஸார் இருப்பார்கள். ஆவூரில் சித்திரை வெயில் எப்படி என்று உனக்குத் தெரியும். பதினாறு முழம் கம்பளியைச் சுற்றிக்கொண்டு தேர்வடம் பிடித்தால் பையன் மயங்கி விழுந்துவிடுவான். ஆகையால் காலைப் பூசைக்கு அவன் உடுப்பு. தேர் இழுக்கும்போது நம் உடுப்பு. எட்டு முழம் ஒன்று புதிதாக எடுத்து வைக்கிறேன். கட்டத் தெரியாது என்று பயப்பட வேண்டாம். இடுப்பில் அவனுடைய தோல் கச்சையையே போட்டுக்கொள்ளட்டும். நீயும் ஒரு வேஷ்டி கட்டக் கற்றுக்கொண்டு வா. போன வருஷம் பூசை நடுவில் உன்னுடையது அவிழ்ந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை."